போய்ச் சேர்ந்ததா, சார்?

"சிஸ்டத்தில் அனுப்பியதாகக் காட்டுகிறது, சார்."

கடந்த சில வருடங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை கவுண்டர்களில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வங்கி, காப்பீடு, வரி, மின்சாரம், எங்கே போனாலும் இதுதான் பதில். "எங்களுக்கு வரவில்லையே" என்று சொன்னால் திரையை நம் பக்கம் பாதி திருப்பிக் காட்டுவார்கள். அதில் தேதி இருக்கும், நொடி சுத்தமாக நேரம் இருக்கும், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் இருக்கும். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பது போல ஒரு பார்வை. நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் அத்துடன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைகள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அனுப்பித்தான் இருப்பார்கள். நாம் கேட்டது வேறு. வந்து சேர்ந்ததா என்று கேட்டோம். அனுப்பினோம் என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது தபால் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவனுக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று இருக்கிறேன். கணினி விஷயம் வருகிறதே என்று யாரும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். நமக்குப் பழக்கமான விஷயம்தான், பெயர்தான் புதிது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா இருக்கிறார். வயது 76. கணவர் இல்லை, மகன் பிரான்சில். பல வருடங்களாக ஒரு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தார், நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. முன்பெல்லாம் புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் நீள உறையில் ஒரு கடிதம் வரும். அதை எடுத்துக்கொண்டு போய்க் காசோலை கொடுத்துவிட்டு வருவார். பிறகு "காகிதத்தைச் சேமிப்போம், மரங்களைக் காப்போம்" என்று ஒரு சுற்றறிக்கை விட்டு, கடிதத்தை நிறுத்தி, மின்னஞ்சலுக்கு மாறினார்கள். ஒரு வருடம் ஒழுங்காக வந்தது. அடுத்த வருடம் ஒன்றும் வரவில்லை. கெடு தாண்டி, அதற்கு மேல் கொடுக்கும் 30 நாள் சலுகைக் காலமும் தாண்டிய பிறகு, இடுப்பு வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோதுதான் பாலிசி காலாவதியானது அவருக்குத் தெரிந்தது. புதிதாக எடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் தொடர்ச்சி அறுந்துவிட்டதால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 76 வயதுப் பெண்மணியிடம் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயமோ.

நிறுவனத்தில் கேட்டதற்கு மேலே சொன்ன வாக்கியம்தான் கிடைத்தது. மூன்று நினைவூட்டல்கள், மூன்றுக்கும் பச்சை டிக்.

என் தங்கை மகன் சென்னையில் கணினி நிரல் எழுதும் வேலையில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தவனை டீச்சரம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் போனை வாங்கி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பெட்டி நிரம்பிப்போச்சு மாமா" என்றான். கூகுளில் இலவசமாகக் கொடுப்பது 15 ஜி.பி. இடம். கடிதங்கள், புகைப்படங்கள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். பேரப்பிள்ளையின் வீடியோக்கள் தானாகவே அங்கே போய்ச் சேமிப்பாகி, மொத்த இடத்தையும் அடைத்திருந்தன. அது நிரம்பினால் கடிதம் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. அந்த மாதங்களில் மகன் பிரான்சிலிருந்து அம்மாவுக்குப் போட்ட மெயில்கள் "பெறுநரின் பெட்டியில் இடமில்லை" என்ற குறிப்புடன் அவனுக்கே திரும்பியிருக்கின்றன. அவன் போனில் பேசிக்கொள்கிறவன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகனுக்குத் திரும்பியது என்றால் நிறுவனத்துக்கும் திரும்பித்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஒரு கணினி நிரல் எப்படிக் கடிதம் போடுகிறது என்று பார்க்க வேண்டும். தங்கை மகன் சொன்னதையும், நானாகப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

நம் அலுவலகங்களில் செக்‌ஷன் கிளார்க் கடிதத்தைத் தயார் செய்வார். கையெழுத்து வாங்குவார். ஆனால் அவரே எழுந்து தபாலாபீசுக்குப் போக மாட்டார். டெஸ்பாட்ச் பிரிவில் கொடுத்துவிடுவார். உறை போடுவது, தபால்தலை ஒட்டுவது, எந்தக் கட்டில் சேர்ப்பது என்பதெல்லாம் அங்கே உள்ளவர் கவலை. கணினியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். காப்பீட்டுக் கணக்கு பார்க்கும் நிரலுக்கு உலகத்திலுள்ள மின்னஞ்சல் பெட்டிகளுக்கெல்லாம் வழி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கடிதத்தை எழுதி, வெளியே தனியாக இருக்கும் இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும். அதன் பெயர் மெயில் டிரான்ஸ்ஃபர் ஏஜென்ட், சுருக்கமாக எம்.டி.ஏ. நான் தபால் முகவர் என்றே எழுதுகிறேன்.

இந்த வேலைப் பிரிவினை நேற்று வந்ததல்ல. இரண்டு கணினிகளுக்கு நடுவே வலையமைப்பின் வழியாகக் கடிதம் அனுப்பியவர் அமெரிக்காவின் ரே டாம்லின்சன், 1971இல். நாம் விலாசத்தில் போடும் அந்தச் சுழித்த 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. கடிதத்தைக் கடத்துவதற்கென்று தனியாக ஒரு மென்பொருளை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதினார். முதலில் டெலிவர்மெயில், பிறகு 1980களின் தொடக்கத்தில் சென்ட்மெயில். இதற்குப் பின் கியூமெயில், எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் என்று வேறு முகவர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் எக்ஸிமும் போஸ்ட்ஃபிக்ஸும் பழைய நிரல்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, கடிதம் ஒப்படைக்கும் வாசலுக்கு இன்றும் சென்ட்மெயில் என்றே பெயர் வைத்திருக்கின்றன. அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் அந்த அறையை அவர் பெயரிலேயே சொல்லிக்கொண்டிருப்போமே, அது போல.

நிரலும் முகவரும், ஒரு முகவரும் இன்னொரு முகவரும் பேசிக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் எழுதி வைத்த விதிகள், ஆர்.எஃப்.சி. 821. தபால்காரருக்குப் பொருத்தமான பெயர்தான்! அந்த உரையாடலைப் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு அலுவலக மரியாதை. முதலில் வணக்கம். பிறகு, இந்தக் கடிதம் இன்னாரிடமிருந்து. சரி. இன்னாருக்கு. சரி. இதோ கடிதம் என்று முழு வாசகமும் போகும். முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் பக்கத்திலிருந்து 250 என்று ஓர் எண் வரும். பெற்றுக்கொண்டேன் என்று பொருள்.

பச்சை டிக் என்பது இந்த 250தான், நண்பர்களே. பக்கத்து மேசைக்காரர் பெற்றுக்கொண்டதற்கான முதலெழுத்துக் கையொப்பம். டீச்சரம்மாவின் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நிரல் தன் முகவரிடம் ஒப்படைத்த அந்த நொடியில், கடிதம் இன்னும் கட்டடத்தை விட்டே கிளம்பவில்லை.

அதற்கப்புறம்தான் முகவரின் வேலை தொடங்குகிறது. வரிசையில் வைக்கும். பெறுநர் பக்கத்து முகவரைத் தேடிப் பிடிக்கும். அந்தப் பக்கத்தில் 4இல் தொடங்கும் எண் வந்தால், இப்போது முடியாது, பிறகு வா என்று அர்த்தம். 5இல் தொடங்கினால், முடியவே முடியாது, எடுத்துக்கொண்டு போ. பெட்டி நிரம்பியிருப்பது பெரும்பாலும் முதல் வகையில் சேரும். இன்றில்லாவிட்டால் நாளை இடம் பண்ணிக்கொள்ளலாம் அல்லவா? அதனால் முகவர் காத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது விதிகளின் எதிர்பார்ப்பு. அதற்குப் பிறகும் முடியாவிட்டால், காரணத்தை எழுதி, அனுப்பியவரின் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும்.

இப்போது கணக்குப் பாருங்கள். டிக் விழுந்தது திங்கட்கிழமை. போய்ச் சேரவில்லை என்ற உண்மை தெரிவது வெள்ளி அல்லது சனி. திங்கட்கிழமை விழுந்த டிக்கை சனிக்கிழமை யாராவது அழிக்கிறார்களா? டீச்சரம்மாவின் விஷயத்தில் அழிக்கவில்லை. இரண்டாவது நினைவூட்டல் போகிறது, அதற்கும் டிக். மூன்றாவதற்கும் டிக்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விதிகளை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிவிட்டது. ஒரு முகவர் 250 என்று சொல்லிவிட்டால், அந்தக் கடிதத்துக்குப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று பொருள். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க முடியவில்லை என்று தகவல் சொல்ல வேண்டும். நடுவில் காரணமில்லாமல் தொலைக்கக் கூடாது. அற்பக் காரணத்துக்காகக் கடிதத்தை இழக்கக் கூடாது என்ற கருத்தில் விதியிலேயே வாசகம் இருக்கிறது. இன்னொன்றும் யோசித்திருக்கிறார்கள். திரும்பி வரும் கடிதமே திரும்பி வந்தால் என்ன செய்வது? அனுப்பியவரின் பெட்டியும் நிரம்பியிருந்தால் இரண்டு கணினிகளும் ஆயுசு முழுக்கப் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். அதனால் திருப்பி அனுப்பும் அறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்று விதி. பழைய நாளில் ஒரு நல்ல தலைமைக் கிளார்க் உட்கார்ந்து யோசித்தது போல இருக்கிறது.

உறை என்றேன் அல்லவா, அதையும் விளக்கிவிடுகிறேன். மின்னஞ்சலுக்கும் உறை உண்டு. நம் கண்ணில் படுவது உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பு மட்டும். அதில் ஒரு பெயர் இருக்கலாம், உறையில் வேறு விலாசம் இருக்கலாம். திரும்பும் கடிதம் போவது உறையில் உள்ள விலாசத்துக்கு. பல நிறுவனங்கள் உள்ளே 'பதில் போடாதீர்' என்றே பெயர் வைத்த ஒரு விலாசத்தைப் போடுகின்றன. என் வாழ்நாளில் நான் கண்ட அநாகரிகமான அனுப்புநர் விலாசம் அதுதான். அரசாங்கக் கடிதம் எவ்வளவு கறாராக இருந்தாலும் கீழே ஒரு பதவிப் பெயர் இருக்கும், பதில் எழுதினால் ஒரு மேசைக்குப் போகும். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உறையிலும் யாரும் திறந்து பார்க்காத ஒரு விலாசத்தைப் போடுவதுதான் என் வழக்கின் மையம். விதிகளை எழுதியவர்கள் கஷ்டப்பட்டுத் திரும்பி வரும் வழியை அமைத்து வைத்தார்கள். நாம் அந்த வழியின் முடிவில் ஒரு குப்பைத் தொட்டியை வைத்திருக்கிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை டெஸ்பாட்ச் பிரிவில்தான் போட்டார்கள். அனுப்புகைப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, யாருக்கு, எந்தக் கோப்பு, சாதாரணமா பதிவா, தபால்தலை எவ்வளவு என்று பத்தி பத்தியாக இருக்கும். மாலையில் தபால்தலைக் கணக்கு பைசா சுத்தமாக நேராக வேண்டும். உள்ளூர்க் கடிதம் என்றால் பியூன் புத்தகத்தில் வாங்கியவர் கையெழுத்து. பதிவுத் தபால் என்றால் ஒப்புகை அட்டை வர வேண்டும். வந்ததை அந்தந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும். வராத அட்டைக்கு ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் எழுத வேண்டும். கதவு பூட்டியிருந்தது, விலாசதாரர் வீடு மாறிவிட்டார், வாங்க மறுத்தார் என்று தபால்காரர் சிவப்பு மையில் எழுதித் திருப்பிய உறை வந்தால், அதைப் பிரிக்காமல் அப்படியே செக்‌ஷனுக்கு அனுப்ப வேண்டும். பிரித்துவிட்டால் சாட்சி போயிற்று. சலிப்பூட்டும் வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவருடைய பென்ஷனோ நிலமோ வேலையோ சம்பந்தப்பட்ட கடிதம் திரும்பி வந்தால், அது திரும்பி வந்தது என்று குறைந்தபட்சம் மூன்று பேருக்குத் தெரியும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கும்போதே இரண்டு தொடர்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒன்று, 'கஷே த லா போஸ்த் ஃபெசான் ஃபுவா'. தபால் முத்திரையே சாட்சி என்று பொருள். விண்ணப்பம் இன்ன தேதிக்குள் போடப்பட்டதா என்ற கேள்வி வந்தால், உறையின் மேல் விழுந்த முத்திரையைப் பார்த்து முடிவு செய்வார்கள். இன்னொன்று, 'அக்யூஸே த ரெசெப்சியோன்', அதாவது பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை. முதலாவது அனுப்பியவன் தன் கடமையைச் செய்தானா என்பதற்கு. இரண்டாவது பெறுபவன் விஷயத்தை அறிந்தானா என்பதற்கு. ஒருவனுடைய உரிமை பறிபோகும் விஷயம் என்றால் முத்திரை போதாது, ஒப்புகை வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கே புரியும்படி வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். பச்சை டிக்கைக் காட்டுகிறவர்கள் முத்திரையைக் காட்டி ஒப்புகை என்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13ஆவது பிரிவு. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மின்ஆவணம் அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத கணினிக்குள் நுழையும்போது 'அனுப்பப்பட்டது' ஆகிறது. பெறுபவர் குறித்துக் கொடுத்த கணினிக்குள் நுழையும்போது 'பெறப்பட்டது' ஆகிறது. நான் வக்கீல் அல்ல. ஆனால் நிரம்பிய பெட்டியின் வாசலில் நின்று திரும்பிப் போன கடிதம் எப்படி நுழைந்ததாகும் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும். சிலர் 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தைக் காட்டுவார்கள். சரியான விலாசமிட்டு, கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் போட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று அதன் 27ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ரசீது, பதிவேடு, கையெழுத்து, திரும்பி வரும் உறை என்ற மொத்த ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்ட நம்பிக்கை அது. ஏற்பாட்டை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் கணினிக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அந்தப் பதிவுத் தபாலையே 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத எனக்கு நிறைய இருக்கிறது, இன்று வேண்டாம்.

என் தங்கை மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "மாமா, ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் மெயில் போகும். திரும்பி வருவதை உட்கார்ந்து படிக்க ஆள் போட முடியுமா?" என்றான். நியாயமான கேள்வி. அவன் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. திரும்பி வராமலே தொலைகிற கடிதங்கள். பெறுநரின் முகவர் 250 சொல்லி வாங்கிக்கொள்ளும், ஆனால் குப்பைப் பகுதியில் போட்டுவிடும். இதற்குத் தகவல் வராது. இதைத் தடுக்க அனுப்புகிறவர்கள் மூன்று ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்றான். எஸ்.பி.எஃப். என்பது, என் பெயரில் கடிதம் எடுத்துவர இன்னின்ன முகவர்களுக்கு மட்டும் அதிகாரம் என்று ஊரறிய ஒட்டி வைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது அரக்கு முத்திரை. வழியில் யாராவது பிரித்து மாற்றினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். டிமார்க் என்பது, இவை பொருந்தாத கடிதம் என் பெயரில் வந்தால் இப்படி நடந்துகொள் என்ற அறிவுறுத்தல். 2024 பிப்ரவரியிலிருந்து நாளைக்கு 5,000க்கு மேல் கடிதம் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. யாஹூவும் அதே நேரத்தில் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியது. ஆக, பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாத விஷயம் அல்ல. கடிதம் உள்ளே போவதற்கு வேண்டியதைச் செய்யத் தெரிகிறது. திரும்பி வந்ததைப் பார்க்கத்தான் நேரமில்லை.

அவனிடம் நான் திருப்பிக் கேட்டேன். "திரும்பி வரும் கடிதத்தை மனிதன்தான் படிக்க வேண்டுமா? அனுப்பியது கணினி என்றால் படிப்பதும் கணினியாக இருக்கக் கூடாதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, முடியும் என்றான். திரும்பும் அறிவிப்புக்கு என்றே ஒரு வடிவம் இருக்கிறது. அதிலுள்ள காரண எண்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை, 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. நம் தபால்காரர் சிவப்பு மையில் எழுதிய அதே காரணங்கள். கடிதம் ஒப்படைக்கும்போது அதற்கு ஓர் அடையாள எண் கிடைக்கிறது. அதைப் பாலிசி எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டால், திரும்பி வந்தது யாருடைய கடிதம் என்று ஒரு நொடியில் பொருத்திவிடலாம். பச்சை டிக்கை எடுத்துவிட்டுச் சிவப்புக் குறி போடலாம். "பெரிய வேலை இல்லை மாமா, ஒரு வாரத்தில் எழுதிடலாம்" என்றான்.

"அப்புறம் ஏன் எழுதவில்லை?"

"யாரும் கேட்டதில்லை."

வேலையைக் கொடுக்கும் நிறுவனம் தன் தேவைப் பட்டியலில் 'நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பப்பட வேண்டும்' என்று எழுதும். இவர்கள் அனுப்பும் நிரலை எழுதிக் கொடுப்பார்கள். சோதித்துப் பார்ப்பவர் தன் பெட்டிக்கு ஒன்று போட்டுப் பார்ப்பார், வந்துவிடும், கையெழுத்தாகிவிடும். 'சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இருந்தால் அதையும் செய்திருப்பார்கள். பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியை எழுத வேண்டியவர்கள் மேலே உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களில் பலர் ஒரு அனுப்புகைப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுபடி எல்லாவற்றையும் காகிதத்துக்குக் கொண்டு போ என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் நண்பர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதிவுத் தபால் வந்த நாளில் வீட்டில் ஆள் இல்லாமல், மறுநாள் தபாலாபீசுக்கு ஓடி, வரிசையில் நின்றதை மறந்துவிட்டார்கள். மின்னஞ்சல் நல்ல சாதனம். என் ஃபக்தேர், அதாவது தபால்காரர், மழையில் நனைந்து வந்ததைவிட நம்பகமாகவே அது பெரும்பாலும் வருகிறது. கடிதம் படிக்கப்பட்டதா என்று ஒளிந்திருந்து பார்க்கும் வித்தைகளும் உண்டாம். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைத்து, அது திறக்கப்படுகிறதா என்று கவனிப்பார்களாம். அதையும் நான் கேட்கவில்லை. என் கடிதத்தை நான் எப்போது பிரித்தேன் என்பது என் சொந்த விஷயம். தவிர, அது நம்பத் தகுந்ததும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: உரிமை, பணம், கெடு சம்பந்தப்பட்ட கடிதம் திரும்பி வந்தால், அந்த ஒன்றை மட்டும் காகிதத்தில் போடுங்கள். ஒரு லட்சம் பேருக்கும் போட வேண்டாம், திரும்பி வந்தவர்களுக்கு மட்டும். அல்லது போன் செய்யுங்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள். விளம்பரத்துக்கு ஒரே வாரத்தில் நான்கு முறை போன் செய்யத் தெரிந்த நிறுவனங்கள்தானே இவை.

டீச்சரம்மா பெட்டியைக் கவனித்திருக்க வேண்டாமா, கெடு தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டும்தான். பாதிப் பொறுப்பு அவருடையது என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி யாருடையது என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். அவர் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனுக் கொடுத்திருக்கிறார். மனுவோடு, மகனுக்குத் திரும்பி வந்த மெயில்களையும் அச்செடுத்து இணைத்தோம், அவற்றில் தேதியும் காரண எண்ணும் இருக்கின்றன. நிறுவனத்தின் முகவர் வைத்திருக்கும் பதிவுகளைக் காட்டச் சொல்லியும் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முகவரும் எந்தக் கடிதத்தை எப்போது யாரிடம் கொடுத்தது, என்ன எண் கிடைத்தது என்று வரி வரியாகப் பதிவு எழுதி வைக்கும். அழித்திருக்காவிட்டால் உண்மை அதிலே கிடக்கும். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கூப்பிட்டு, அந்த 15 ஜி.பி.யில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காலைவணக்கப் படங்களை முதலில் அழியுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அடுத்த மாதம் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில், 'திரும்பி வந்த மின்னஞ்சலைச் சேர்ந்ததாகக் கணக்கில் கொள்ளக் கூடாது' என்று ஒரு வரித் தீர்மானம் கொண்டுவர நினைத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.